மேட்டூர் அணை நிரம்பும்போது தூண்டில் போடுவது எப்படி: விரால் முதல் கட்லா வரை

மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறும் நாட்களில் சேலத்திலிருந்து தூண்டிலோடு கிளம்பும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அணையில் மீன் இல்லாமல் இல்லை. தண்ணீர் கீழே கிடந்தபோது எங்கே கிடைத்ததோ அதே திசையில், முடிந்தவரை தூரமாக, ஆழத்தைப் பார்த்து வீசுகிறார்கள். மீனோ அவர்கள் காலுக்குப் பத்தடி முன்னால், போன வாரம்வரை சோளத்தட்டு நின்ற காட்டுக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏறும்போது மீன் கரைக்கு வரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ராடு, நரம்பு, இரை, நேரம் எல்லாவற்றையும் அதிலிருந்தே முடிவு செய்துவிடலாம்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பெரிய ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்து ராடு வாங்கியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேட்டூரில் பாஸ் கிடையாது. ஆனால் தண்ணீர் ஏறியதும் மூழ்கிய புதருக்குள் போய்ப் பதுங்கி, வருகிற சின்ன மீனையும் தவளையையும் அடித்துத் தின்கிற பாஸின் வேலையை இங்கே விரால் செய்கிறது. அதனால் அந்த வீடியோக்களில் புதர் ஓரம், களை ஓரம் வீசும் முறை அப்படியே நமக்கு உதவும். படகில் ஆழமும் மீனும் காட்டும் கருவித் திரையை வைத்து நடு ஏரியில் தேடும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் மட்டத்தைப் பாருங்கள்

அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தினமும் காலையில் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு மூன்றும் செய்தியில் வந்துவிடும். மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், உண்மையில் வரத்துக்கும் திறப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. வரத்து அதிகமாக இருந்தால் தண்ணீர் ஏறுகிறது, இரண்டும் சமமாக இருந்தால் நிற்கிறது, திறப்பு அதிகமானால் இறங்குகிறது. இந்த மூன்றுக்கும் மீன் நிற்கும் இடம் வேறு வேறு. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிடுகிற தண்ணீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதால், அங்கே அளவு கூடிய செய்தி வந்ததுமே நீங்கள் பையைத் தயார் செய்யலாம்.

வருடத்துக்கு வருடம் கணக்கு மாறும் என்பதற்கு சமீபத்திய இரண்டு வருடங்களே போதும். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கத்தில் கிடந்த மட்டம் அந்த மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. அவ்வளவு வேகமாக ஏறும்போது பல மாதம் காய்ந்து கிடந்த நிலம் முழுக்க ஒரே வீச்சில் தண்ணீருக்குள் போகிறது, மீனும் அத்தனை பரப்பிலும் சிதறிவிடும், ஓர் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. 2025இல் நிலைமையே வேறு. கோடை முழுக்க 100 அடிக்கு மேலேயே நின்ற தண்ணீர் ஜூன் 29ஆம் தேதி நிரம்பியது. புதிதாக மூழ்கியது மேல் ஓரத்தில் ஒரு பட்டை நிலம் மட்டும்தான். இப்படிப்பட்ட வருடத்தில் மீன் அந்தப் பட்டைக்குள் நெருக்கமாக நிற்கும், பொறுமையாக ஓர் இடத்தில் உட்காருவதற்குப் பலன் உண்டு.

அனுமதியும் எல்லையும்

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பது மீன்வளத்துறை உரிமம் கொடுக்கும் விஷயம். அங்கே வலை போடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. தூண்டில்தானே என்று நினைக்காமல், மேட்டூரில் இருக்கும் துறை அலுவலகத்தில் அந்தச் சமயம் என்ன விதி, எங்கே போடலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அணைச்சுவர், 16 கண் மதகு, அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதி இவற்றின் பக்கம் போகவே கூடாது. உபரி நீர் எப்போது கூடும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. பாலாறு பக்கம் போனால் வனத்துறை எல்லை வந்துவிடும், அதையும் தவிர்த்துவிடுங்கள். வெடி, மருந்து வைத்துப் பிடிப்பது 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். யாராவது செய்வதைப் பார்த்தால் தகவல் கொடுங்கள், ஒரு வெடியில் குஞ்சு குளுவான் எல்லாம் செத்து மிதக்கும்.

எங்கே நிற்பது

பண்ணவாடி, கோட்டையூர், சேத்துக்குளி என்று கொளத்தூர் பக்கத்துக் கரையோரம் போனால், தண்ணீர் இறங்கியிருக்கும் மாதங்களில் நீர்ப்பிடிப்பு நிலத்தில் விவசாயம் செய்திருப்பதைப் பார்க்கலாம். மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயமும் வெளியே தெரிவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் ஒருமுறை சும்மா போய் நடந்துவிட்டு வாருங்கள் என்பது என் முதல் யோசனை. தூண்டில் வேண்டாம், செல்போன் போதும். வரப்பு எங்கே ஓடுகிறது, வண்டிப்பாதை எங்கே பள்ளமாகிறது, சீமைக்கருவேலம் எங்கே அடர்ந்திருக்கிறது, ஓடை எந்த வழியாக அணைக்குள் இறங்குகிறது, பழைய கிணறு எங்கே திறந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஆடியில் இவை எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும். நீங்கள் மட்டும் இடம் தெரிந்து வீசுவீர்கள். எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

தண்ணீர் புதிதாகப் புகும் நிலத்தில் மண்புழு, பிள்ளைப்பூச்சி, எறும்பு, புல்விதை எல்லாம் வெளியே வரும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை வகைகள் அதைத் தின்ன வருகின்றன. பொடி மீன்கள் தட்டைக்கு நடுவில் ஒளிய வருகின்றன. பொடி மீனைத் தேடி விரால் வருகிறது. எல்லாமே ஒரு முழம், இரண்டு முழம் தண்ணீரில் நடக்கும். மீன் வந்து போகும் வழி பெரும்பாலும் ஓடை, வண்டிப்பாதை மாதிரி கொஞ்சம் பள்ளமான தடம்தான். அந்தத் தடம் காட்டுக்குள் நுழையும் வாயில் நின்றால் உள்ளே போவதும் வெளியே வருவதும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பயிரும் புல்லும் மூழ்கி ஒன்றிரண்டு வாரம் ஆனால் அழுகத் தொடங்கும். தண்ணீர் கறுத்து, முட்டை அழுகிய வாடை வந்தால் அங்கே உயிர்க்காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம், கெண்டை வகைகள் ஒதுங்கிப் போயிருக்கும். விரால் மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடுகிற மீன் என்பதால் அந்த மாதிரி இடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே கெண்டைக்கு வந்தவர் இடம் மாறுங்கள், விராலுக்கு வந்தவர் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னாளில் தண்ணீர் நிலையாக நிற்கும்போது சில இடங்களில் பச்சைப் பாசி திரண்டு நாற்றமடிக்கும், அங்கே யாருமே நிற்க வேண்டாம்.

அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்த அணையில் கண்ணால் பார்க்கலாம். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் எதிர்க்கரையான நாகமரை, ஒட்டனூர் பக்கம் அலை மோதும், பண்ணவாடிப் பக்கம் அதைவிட அமைதியாக இருக்கும். அலை மோதும் கரையில் தண்ணீர் கலங்கி, காற்று கலந்து, மிதக்கும் இரையும் அங்கே ஒதுங்குவதால் வெயில் நேரத்தில் கூடக் கெண்டை மேயும். தவளை லூர் (தவளை மாதிரி செய்த போலி இரை) வீசி விரால் பிடிக்க நினைத்தால் அமைதியான பக்கம்தான் சரி, ஏனென்றால் அலையில் லூர் அசைவதும் மீன் அடிப்பதும் உங்களுக்குத் தெரியாது.

போன இடத்தில் முதல் வேலையாக ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் ஓரத்தில் சரியாக நட்டு வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் இன்னும் ஏறுகிறது, நீங்களும் தூண்டிலைக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டே வர வேண்டும். குச்சிக்கு முன்னால் ஈரமண் தெரிந்தால் இறங்குகிறது. வலைக்காரர் யாராவது பரிசலில் கரை ஒதுங்கினால், "அண்ணா, நேத்து எந்தப் பக்கம் மீன் பட்டுச்சுங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கிறதென்றால் அடியில் வலை இருக்கிறது, அந்தப் பக்கம் வீசவே வேண்டாம்.

விரால்

ஏழடி ராடு, கொஞ்சம் முறுக்கானது. 3000 அளவு ரீல். 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு. இவ்வளவு கனமான நரம்பு எதற்கு என்று கேட்பார்கள். மீனின் எடைக்காக இல்லை, கருவேலங்கிளைக்காக. அடித்த அடுத்த நொடி விரால் புதருக்குள் தலையைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளும், மெல்லிய தங்கூசி (நைலான்) நரம்பு கருவேல முள்ளில் உரசி அறுந்துவிடும். லூரில் ரப்பர் தவளை ஒன்று போதும், ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம், தூண்டில் முள் இரண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் செடியில் மாட்டாமல் ஊர்ந்து வரும். கலங்கல் தண்ணீரில் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பச்சை. நிறத்தைப் பற்றி இதற்கு மேல் நான் கவலைப்படுவதில்லை.

வெளிச்சம் வரும் நேரமும் சாயங்காலம் வெயில் தணிந்த பிறகும்தான் நல்ல நேரம். வெயில் ஏற ஏற ஓரத் தண்ணீர் சூடாகும், மீன் நிழலுக்குள் ஒடுங்கும். முதல் பத்து நிமிடம் வீசாதீர்கள். சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள். தட்டைக்கு நடுவில் எங்காவது "பொளக்" என்று ஒரு சத்தமும் சின்ன வட்டமும் வரும், அது விரால் மூச்சு வாங்க மேலே வந்தது. அதே மீன் சில நிமிடங்கள் கழித்து அதே சுற்றுவட்டத்தில் மறுபடி வரும். அந்த வட்டத்தின் மேலேயே போட்டால் மிரண்டு ஓடிவிடும், நாலைந்து அடி தாண்டிப் போட்டு அந்த வழியாக இழுத்து வாருங்கள்.

இழுக்கும் விதம்: இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். ராடு நுனியை மெதுவாக இரண்டு முறை அசைத்தால் தவளை இரண்டு தத்து தத்தும், அப்புறம் வட்டம் அடங்கும்வரை விட்டுவிடுங்கள். புதர் ஓரத்தில் இடைவெளி வரும் இடத்தில் இன்னும் கூடுதலாக நிறுத்துங்கள், பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும். அடிப்பதற்கு முன்னால் தவளைக்குப் பின்னால் தண்ணீர் லேசாகப் புடைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம், தட்டைகள் ஒவ்வொன்றாக ஆடும். கை பரபரக்கும். அசையாதீர்கள். தண்ணீர் வெடித்துத் தவளை காணாமல் போனதும் உடனே சுண்டினால் லூர் மட்டும் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நரம்பு கனத்து இழுபடுவது தெரிந்த பிறகு பலமாகச் சுண்டுங்கள். அதன் பிறகு விளையாட்டுக் காட்டக் கூடாது, தலையை மேலே தூக்கிவைத்து நேராகக் கரைக்கு இழுத்துவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று இருக்கிறது. மழையும் புதுத்தண்ணீரும் வரும் காலம்தான் விரால் குஞ்சு பொரிக்கும் காலமும். ஓரத்தில் தண்ணீர் மேல் செங்காவி நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பது போல் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால், அது விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் பசியே இல்லாவிட்டாலும் கோபத்தில் வந்து அடிக்கும், அதனால்தான் சிலர் இதையே தேடிப் போகிறார்கள். செய்யாதீர்கள். காவல் போனால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஜிலேபி மீனும் கொக்கும் ஒரு பொழுதில் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் அதே புதரில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய மீன் அது.

கட்லா, ரோகு, மிர்கால்

இதற்கு ராடும் ரீலும் கட்டாயம் இல்லை, நல்ல மூங்கில் கம்பே போதும். பெரிய மீன் மாட்டினால் நரம்பு விட்டுப் பிடிக்க ரீல் இருப்பது வசதி, அவ்வளவுதான். 0.30 அல்லது 0.35 மி.மீ. தங்கூசி, 4 அல்லது 6ஆம் நம்பர் முள், சின்ன ஈயக்குண்டு, நீளமான மெல்லிய தக்கை.

இரை விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, குச்சிக்கிழங்கு (மரவள்ளி). கிழங்கை உப்பில்லாமல் நன்றாக வேகவைத்து, நார் எடுத்து மசித்துக்கொள்ளுங்கள். கடலைப் புண்ணாக்கை முந்தின நாள் இரவே ஊறவைத்து, காலையில் பிழிந்து அதோடு சேர்த்து, பிடிப்புக்கு மைதா போட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். முள்ளில் உருட்டி வைத்துக் கரையோரத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், பத்து நிமிடம் கரையாமல் நின்றால் சரி. தூவி விடும் இரைக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் கிழங்குத் திப்பி கிடைத்தால் அதோடு தவிடும் புண்ணாக்குத் தூளும் கலந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, தக்கையைச் சுற்றி நாலைந்து போடுங்கள். அள்ளிக் கொட்டாதீர்கள், வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தொடாது. புதுவெள்ளம் வந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும் நாட்களில் மாவை விட மண்புழு மேல், கண் தெரியாத தண்ணீரில் வாடையும் நெளிவும்தான் மீனைக் கூட்டி வரும்.

ஆழம் வைப்பது மீனின் வாயைப் பொறுத்தது. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். அதற்கு மட்டும் கொஞ்சம் ஆழமான இடம் பார்த்து, ஓடை வாய்க்கு வெளியே, தக்கையிலிருந்து மூன்று நான்கடியில் இரை தொங்கும்படி விடுங்கள். மிர்காலும் கல்பாசும் தரையைத் துழாவும், அவற்றுக்கு இரை மண்ணைத் தொட்டுக் கிடக்க வேண்டும். ரோகு இரண்டுக்கும் நடுவில், ஆனால் புதிதாக மூழ்கிய புல்லில் ஓரத்துக்கே வந்துவிடும். மட்டம் ஏறும் நாளில் காலையில் வைத்த ஆழம் மதியத்துக்குள் தப்பாகிவிடும், குச்சியைப் பார்த்துத் தக்கையை நகர்த்திக்கொண்டே இருங்கள்.

தக்கை சொல்லும் சேதியைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. படபடவென்று கொத்தித் துள்ளினால் ஜிலேபி. நின்ற தக்கை மெல்ல ஒருபக்கம் நகர்ந்து, அப்படியே சாய்ந்து முழுகினால் ரோகு. தக்கை முழுகாமல் மேலே எழும்பிப் படுத்துக்கொண்டால் அடியில் கிடந்த இரையை ஏதோ ஒன்று தூக்குகிறது, மிர்காலாக இருக்கலாம், உடனே சுண்டுங்கள். பெரிய கட்லா மாட்டினால் எதிர்த்து நிற்காதீர்கள், ரீலின் பிடியைத் தளர்த்தி ஓடவிட்டு, ஆழத்துப் பக்கம் திருப்பிக் களைப்பாக்குங்கள். புதர்ப் பக்கம் விட்டால் போயிற்று. கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையில் எடுங்கள்.

ஜிலேபிக்குத் தனியாக எழுத ஒன்றும் இல்லை. 10ஆம் நம்பர் முள், அரைப் புழு, முழங்கால் ஆழம். சிறுவர்கள் கூட வந்தால் அவர்களுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், அணையில் மண்டிக் கிடக்கிறது, பிடித்ததைத் திரும்ப விட வேண்டியதில்லை. இருட்டிய பிறகு தரையில் கிடக்கும் புழுவுக்குக் கெளுத்தி வரும். அதன் முதுகு முள்ளும் பக்கத்து முள்ளும் குத்தினால் கடுக்கும், துணி போட்டுப் பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும், வீங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உயிர் பத்திரம்

வேகமாக ஏறும் நாட்களில் மேட்டுத் திட்டில் போய் உட்காரவே கூடாது. முன்னால் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் தண்ணீர் புகுந்து திட்டு தீவாகிவிடும். தெரியாத இடத்தில் தண்ணீருக்குள் இறங்கி நடக்க வேண்டாம், அடியில் கிணறு இருக்கும், வண்டல் சேறு முழங்கால்வரை இழுக்கும். மாட்டிக்கொண்ட லூருக்காக இறங்கவே வேண்டாம், அறுத்துவிடுங்கள். காவிரியில் முதலை உண்டு என்பதையும் மறக்காதீர்கள், ஓரத்தில் குத்தவைத்து மீன் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் பரிசல் ஏறுவதென்றால் உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறாதீர்கள், பரிசல்காரரே வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

பிடித்த மீனில் விரால் ஈரச் சாக்கில் நெடுநேரம் உயிரோடு இருக்கும், கெண்டை வகைகள் சீக்கிரம் கெட்டுவிடும். ஓமலூர் வழியாக சேலம் திரும்புவதற்குள் வெயில் கொளுத்தும் என்பதால் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு வைப்பது இன்னும் நல்லது.

தண்ணீர் இறங்கத் தொடங்கினால்

டெல்டாவுக்குத் திறப்பு கூடி வரத்து குறைந்ததும் மீனுக்கு முதலில் தெரிந்துவிடும். ஒரே இரவில் மட்டம் கொஞ்சம் இறங்கினால் கூட, காட்டுக்குள் மேய்ந்தவை எல்லாம் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வரும். அந்த இரண்டு மூன்று நாட்கள் வருடத்திலேயே நல்ல நாட்கள் என்பேன். புதருக்குள் வீசுவதை நிறுத்திவிட்டு, முன்பு படம் எடுத்து வைத்த வண்டிப்பாதையும் ஓடையும் ஆழத்தில் இறங்கும் வாயைப் பிடியுங்கள். விராலுக்குப் புதரின் வெளி ஓரம், கெண்டைக்கு ஓடை வாயில் தரையோடு மண்புழு. காலை வெளிச்சம் வருவதற்குள் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் அவை ஆழத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் கம்பையும் நரம்பையும் சுருட்டிவிட்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள்.